ஓடையில் இறங்கும் ட்ரவுட் என்ன தின்னும்? மீன் விடுபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மீன்வளம் மற்றும் மீனவர் நலத்துறை அலுவலர்களுக்கும், நீலகிரி வனத்துறையினருக்கும், ஓடைகளில் ட்ரவுட் விடச் சொல்லிக் கோரிக்கை வைக்கும் தூண்டில்காரர்களுக்கும் வணக்கம்.

வெளிநாட்டிலிருந்து வந்த குளிர்நீர் மீனான ட்ரவுட்டை நீலகிரி மேட்டுநில ஓடைகளில் விடுவதைப் பற்றிப் பேச்சு எழுந்தால் முதலில் வரும் கேள்வி, எத்தனை ஆயிரம் என்பது. அடுத்தது, எவ்வளவு பெரிய மீன் என்பது. இறங்கிய மீன் மறுநாள் காலையில் எதைத் தின்னும், அதைத் தின்ன அதற்குத் தெரியுமா என்று யாரும் கேட்பதில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் எண்ணிக்கையைப் பேசிப் பயனில்லை என்று நாங்கள் உறுதியாக நம்புகிறோம். பண்ணையில் வளர்ந்த ட்ரவுட் ஓடையில் அழிவதற்கு நீர்நாயையும் வெள்ளத்தையும் மட்டும் குறை சொல்ல முடியாது. இரை பக்கத்திலேயே ஓடிக்கொண்டிருக்க, அதை எடுக்கத் தெரியாமல் மெலிந்து சாகும் மீன்கள் ஏராளம். இந்தச் சாவு கண்ணில் படாது. மெலிந்த மீன் கல்லிடுக்கில் ஒதுங்கும், நண்டு தின்றுவிடும், எந்தப் பதிவேட்டிலும் ஏறாது.

இந்த மலையில் ட்ரவுட்டுக்கு நீண்ட வரலாறு உண்டு. 1863ல் மீனியல் ஆய்வாளர் பிரான்சிஸ் டே கொண்டுவர முயன்று தோற்றார். 1907ல் எச். சி. வில்சன் அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைத்த காலத்தில்தான் வானவில் ட்ரவுட் இங்கே நிலைத்தது. அது பிழைத்ததற்கு நீரின் குளிர்ச்சி முதற்காரணம். 10 முதல் 16 டிகிரி செல்சியஸ் வரையுள்ள நீரில் அது நன்றாகத் தின்று வளரும். 20 டிகிரியைத் தாண்டினால் பசி குறையும். 25ஐ நெருங்கினால் உயிருக்கே ஆபத்து. ஆனால் குளிர்ந்த நீர் இருந்தால் மட்டும் வயிறு நிறையாது.

விட்டு நான்கைந்து நாளான பண்ணை மீனின் இரைப்பையைத் திறந்து ஒரு வெள்ளைத் தட்டில் கழுவிப் பாருங்கள். மூன்று, நான்கு மில்லிமீட்டர் நீளத்தில் குச்சித் துண்டுகள், புல்விதை, மரப்பட்டைத் துணுக்கு, பரல் கல், பாசி உருண்டை ஆகியவை கிடைக்கும். நடுவே ஒன்றிரண்டு பூச்சிகள் இருக்கலாம். கிடைக்கும் குப்பையெல்லாம் ஏறக்குறைய ஒரே அளவு, ஒரே பழுப்பு நிறம். அது பண்ணையில் போடும் உருண்டைத் தீவனமான பெல்லட்டின் அளவு, பெல்லட்டின் நிறம். மீன் குருடாக விழுங்கவில்லை, கற்றதைத்தான் செய்கிறது.

இதைப் பார்ப்பவர்கள் ஓரிடத்தில் ஏமாந்துவிடக் கூடாது. கேடிஸ் என்ற பூச்சியின் புழு, தன் வாயிலிருந்து வரும் இழையால் மணலையும் இலைத்துணுக்கையும் ஒட்டிக் குழாய் போன்ற கூடு கட்டி அதற்குள் வாழும். ஓடையில் தேறிய ட்ரவுட் அதைக் கூட்டோடு விழுங்கும். அதன் இரைப்பையிலும் மணலும் குச்சியும் நிறையவே இருக்கும். பத்து மடங்கு பெருக்கும் கைவில்லையின் கீழ் ஊசியால் கீறினால் வேறுபாடு தெரிந்துவிடும். கூடு என்றால் உள்ளே குழிவும் வழவழப்பான உட்சுவரும் இருக்கும். புழுவின் உடல் செரித்துவிட்டாலும் அதன் கடினமான தலை ஓடு பெரும்பாலும் அங்கேயே கிடக்கும். வெறும் குச்சி என்றால் உள்ளே ஒன்றுமில்லை. முன்னது தேர்ந்த மீனின் அடையாளம், பின்னது தேறாத மீனின் அடையாளம். இரண்டையும் சேர்த்துக் 'குப்பை' என்று எழுதிவிட்டால் ஆய்வே தலைகீழாகிவிடும்.

பண்ணைத் தொட்டி மீனுக்கு என்னவெல்லாம் சொல்லிக்கொடுக்கிறது என்று பாருங்கள். இரை மேலிருந்து விழும். குறித்த நேரத்தில் விழும். எப்போதும் ஒரே வடிவத்தில் இருக்கும். கரையில் ஆள் நிழல் தெரிந்தால் சாப்பாடு வருகிறது என்று பொருள். முந்திப் பாய்கிறவனுக்குக் கிடைக்கும், தயங்குகிறவனுக்குக் கிடைக்காது. வாய்க்குள் போனது எதையும் துப்ப வேண்டியதில்லை. பாடங்கள் அனைத்தும் ஓடைக்கு நேர் எதிரானவை. ஓடையில் இரை பெரும்பாலும் நீரோட்டத்தோடு நீருக்கடியில் வரும், அளவு மாறும், நகரும், கல்லைப் பிடித்துக்கொண்டு ஒளிந்திருக்கும். வாய்க்குள் எடுத்துப் பார்த்து, இரையில்லை என்றால் அந்த நொடியே துப்பிவிடுவது ஓடை மீனின் அன்றாடத் திறமை. கரையில் அசையும் நிழல் மீன்கொத்தியாகவோ நீர்நாயாகவோ இருக்கும். தெப்பக்குளத்து மீன் பொரிக்குத் திரளுவதுபோல, புதிதாக விட்ட ட்ரவுட் காலடிச் சத்தத்துக்குத் திரண்டு வருவதை அழகு என்று படம் எடுக்கிறார்கள். எங்களுக்கு அது கவலை தரும் காட்சி.

ஒரு சின்னக் கணக்கு. 100 கிராம் ட்ரவுட் ஏறக்குறைய 21 செ.மீ. நீளம் இருக்கும். பண்ணையில் நாளொன்றுக்கு உடல் எடையில் 2 சதவீதம் என்று 2 கிராம் பெல்லட் போடுகிறோம். 4 மி.மீ. பெல்லட்டில் அது 40 உருண்டைக்குள் முடிந்துவிடும். பெல்லட்டில் ஈரம் பத்தில் ஒரு பங்குதான், நீர்ப்பூச்சியின் உடலிலோ ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். ஆகவே அதே ஆற்றலுக்கு 10 கிராம் பூச்சி வேண்டும். மேஃப்ளை என்ற நீர்ப்பூச்சியின் வளர்ந்த இளம்பூச்சி ஒன்றுக்கு 5 மில்லிகிராம் என்று தாராளமாக வைத்தாலும் 2,000 பூச்சி. பகல் பன்னிரண்டு மணி நேரமும் நிமிடத்துக்கு மூன்று பிடித்தாக வேண்டும். வளர வேண்டாம், மெலியாமல் இருந்தால் போதும் என்று மூன்றில் ஒரு பங்காகக் குறைத்தாலும் நிமிடத்துக்கு ஒன்று. நாற்பது உருண்டைக்குப் பழகிய மீனிடம் இதைத்தான் எதிர்பார்க்கிறோம், அதுவும் முதல் நாளே.

விரல் நீளக் குஞ்சான 7 செ.மீ. விரலிக்கு இந்தக் கணக்கு எவ்வளவு மாறுகிறது பாருங்கள். எடை 4 கிராமுக்குள். 4 சதவீதம் தின்றாலும் 0.16 கிராம் பெல்லட், அதாவது 0.8 கிராம் பூச்சி. அதன் வாய்க்கேற்ற 2 மில்லிகிராம் பூச்சியில் 400. இது எட்டக்கூடிய எண். நீலகிரி மேட்டு ஓடைகள் குறுகலானவை, ஊட்டமும் குறைந்தவை. அவற்றால் நிறையச் சின்ன வயிறுகளை நிரப்ப முடியும், பெரிய வயிறுகளை நிரப்ப முடியாது. 'பெரிய மீனாக விடுங்கள், பிழைத்துக்கொள்ளும்' என்ற கோரிக்கை நல்ல எண்ணத்தில் எழுவதுதான். ஆனால் இரையின் கணக்கு அதற்கு நேர்மாறாக இருக்கிறது.

செலவு என்ற இன்னொரு பக்கமும் உண்டு. தேறிய ட்ரவுட் ஒரு கல்லுக்குப் பின்னாலுள்ள மெதுநீரில் நின்றுகொள்ளும். ஒரு சாண் தள்ளி வேகமான நீர் ஓடும். அந்த வேகநீர் இரையைக் கொண்டுவரும்போது மட்டும் எட்டிப் பாய்ந்து எடுத்துவிட்டுப் பழைய இடத்துக்குத் திரும்பும். பென்சில்வேனியாவின் ஸ்புரூஸ் கிரீக் ஓடையில் பழுப்பு ட்ரவுட்டைக் கரையிலிருந்து கவனித்து ராபர்ட் பாக்மன் 1984ல் வெளியிட்ட ஆய்வு இதை விரிவாகக் காட்டியது. ஓடையிலேயே பிறந்த மீன்கள் ஒரே சில நிற்குமிடங்களை நாள்தோறும் பயன்படுத்தின. பண்ணையிலிருந்து விட்டவை அதிகம் அலைந்தன, குறைவாகத் தின்றன. தொட்டியில் நீந்துவதற்குக் கணக்குப் பார்க்க வேண்டிய தேவை மீனுக்கு இருந்ததில்லை, தீவனம் அந்தச் செலவை ஈடுகட்டிவிடும். ஓடையில் ஈடுகட்ட ஆளில்லை. ஓடையில் விட்ட புரூக் ட்ரவுட்டின் உடல் தொடர்ந்து மெலிந்து கொழுப்பு கரைவதை அமெரிக்காவில் 1983ல் வெளியான இன்னொரு ஆய்வு பதிவு செய்தது. விட்ட மீன் சாவதற்கு இதுவே வழியாக இருக்கலாம் என்றது அது.

அலைகிற மீன் தன்னை மட்டும் கெடுப்பதில்லை. நெரிசலில் வளர்ந்ததால் எதிர்ப்படுவதோடெல்லாம் மோதும், இடம்பிடித்து நிற்கும் மீனைக் கலைக்கும். மொன்டானா மாநிலத்தின் மேடிசன் ஆற்றில், பிடிக்கும் அளவுள்ள பண்ணை மீனை விடுவதை நிறுத்தியபின் ஆற்றிலேயே பிறந்த ட்ரவுட் பெருகியது. 1974ல் அந்த மாநிலம், தானாகப் பெருகும் ட்ரவுட் உள்ள ஆறுகளில் மீன் விடுவதையே நிறுத்தியது. இந்த அனுபவத்திலிருந்து எங்கள் முதல் வேண்டுகோள் பிறக்கிறது. ஓர் ஓடையில் 5 செ.மீ., 12 செ.மீ., 20 செ.மீ. என்று பல வயது ட்ரவுட் ஏற்கெனவே இருந்தால் அங்கே அது தானாக முட்டையிட்டுப் பெருகுகிறது என்று பொருள். அங்கே ஒரு குஞ்சும் விடாதீர்கள். விட்டால் இரையைப் பங்கு போடுவதைத் தவிர வேறு எதுவும் நடக்காது.

மற்ற இடங்களில் விடுவதற்கு முன் ஓடையில் சாப்பாடு இருக்கிறதா என்று பாருங்கள். இதற்கு அரை நாள் போதும். ஓர் அடி அகலமும் அரை மில்லிமீட்டர் கண்ணும் கொண்ட வலையைச் சலசலத்து ஓடும் ஆழமற்ற கல்பரப்பில் நீரோட்டத்துக்கு எதிராகப் பிடித்து, அதற்கு முன்னாலுள்ள கற்களை ஒரு நிமிடம் காலால் கலக்க வேண்டும். மூன்று இடத்தில் இப்படிச் செய்து தட்டில் கொட்டுங்கள். மூன்று வால் இழைகள் நீட்டிக்கொண்டு வயிற்றின் இருபுறமும் செவுள் துடிக்கும் மேஃப்ளை, இரண்டு வால் இழையுள்ள ஸ்டோன்ஃப்ளை, கேடிஸ் கூடு ஆகிய மூன்றும் வந்தால் நல்ல ஓடை. மேஃப்ளையில் இரண்டு வால் மட்டும் உள்ள வகைகளும் உண்டு என்பதால் செவுளைப் பார்த்து முடிவு செய்யுங்கள், வாலை நம்பாதீர்கள். கொசு போன்ற ஓர் ஈயின் சிவப்புப் புழுவான இரத்தப்புழுவும், மண்புழு போன்ற நூல்புழுவும் மட்டும் வந்தால் கல்லிடுக்குகளில் வண்டல் அடைத்துவிட்டது என்று பொருள். காய்கறித் தோட்டங்களின் மண் மழையில் வந்து சேரும் ஓடைகளில் இதுதான் நடக்கிறது. அங்கே எவ்வளவு நல்ல குஞ்சை விட்டாலும் வீண். மின்நிலையத்துக்காக அணையைத் திறந்து மூடுவதால் நீர்மட்டம் நாள்தோறும் ஏறி இறங்கும் பகுதிகளும் அப்படியே. ஓரத்துக் கற்கள் தினமும் காய்ந்தால் அவற்றில் பூச்சி தங்காது.

இந்த இரை எல்லா நேரத்திலும் ஒரே அளவில் வருவதில்லை. கல்லைப் பிடித்திருக்கும் பூச்சிகள் பொழுது சாய்ந்ததும் பிடியை விட்டு நீரோடு நகரும், விடியலுக்கு முன் இன்னொரு முறை நகரும். நடுப்பகலில் மிகக் குறைவு. பகல் பத்து மணிக்கும் மூன்று மணிக்கும் தீவனம் பெற்றுப் பழகிய மீன், இரை அதிகம் வரும் நேரத்தை வீணடிக்கிறது. மழைக்காலத்தில் கரையிலிருந்து எறும்பு, வண்டு, வெட்டுக்கிளி, மண்புழு எல்லாம் அடித்துவரும், பெரிய வாய்க்கு அது நல்ல காலம்தான். ஆனால் ட்ரவுட் கண்ணால் பார்த்து வேட்டையாடும் மீன், நீர் கலங்கினால் இரை தென்படும் தூரம் சுருங்கிவிடும். தேர்ந்த மீன் அந்த நாட்களில் ஓரத்து மெதுநீரில் ஒதுங்கிக் கிடைத்ததைத் தின்னும். புதுமீன் நடுநீரில் போராடும்.

எப்போது விடுவது என்பதில் உண்மையான சிக்கல் ஒன்று இருக்கிறது. வானவில் ட்ரவுட் இங்கே குளிர்மாதங்களில் முட்டையிடுகிறது. 10 டிகிரி நீரில் முட்டை பொரிக்க ஒரு மாதம், மஞ்சட்கருப் பை கரைந்து குஞ்சு மேலெழுந்து தின்னத் தொடங்க இன்னும் சில வாரம். அதன்பின் தீவனத்தில் வளர்ந்து 6, 7 செ.மீ. ஆகும்போது ஏப்ரல், மே வந்துவிடும். கோடையில் ஓடை வற்றிச் சூடேறியிருக்கும், அதைத் தொடர்ந்து தென்மேற்குப் பருவமழை கொட்டும். அவலாஞ்சியில் 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் பெய்தது. மே மாத இறுதியில் விட்ட விரலி அப்படியொரு வெள்ளத்தில் தாக்குப்பிடிக்காது. மழை முடியட்டும் என்று அக்டோபர் வரை வைத்திருந்தால் மீன் 10, 12 செ.மீ.க்கு வளர்ந்திருக்கும், ஆனால் இன்னும் ஐந்து மாதம் பெல்லட்டில் ஊறியிருக்கும்.

இதற்கு இரண்டு வழிகளைப் பரிந்துரைக்கிறோம். ஒன்று, தீவனத்தையே அறியாத குஞ்சை விடுவது. மஞ்சட்கருப் பை முக்கால் பங்கு கரைந்து, மேலெழத் தொடங்கிய நாட்களில் பிப்ரவரி, மார்ச் வாக்கில் சிற்றோடைகளின் ஓரத்து ஆழமற்ற மெதுநீரில் விடலாம். மிச்சமுள்ள கரு சில நாள் தாங்கும், அதற்குள் அவை கொசுப்புழு அளவுள்ள இரத்தப்புழுக் குஞ்சுகளைப் பிடிக்கக் கற்றுவிடும். பெரும்பாலானவை சாகும், அதை மறைக்கவில்லை. ஆனால் எஞ்சியவை முழு ஓடை மீன்கள். முட்டையிலிருந்து வெளிவந்தவுடனே விட்டாலும் தவறு, ஒரு வாரம் தீவனம் கொடுத்துவிட்டு விட்டாலும் தவறு.

இரண்டாவது வழி, அக்டோபர், நவம்பரில் நீர் தெளிந்து இறங்கும்போது விரலிகளைப் பயிற்சி கொடுத்து விடுவது. அந்தப் பயிற்சியைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

விடுவதற்கு நான்கு வாரம் முன்பு தொடங்குங்கள். முதலில் நெரிசலைக் குறைக்க வேண்டும். கனமீட்டருக்கு 20, 30 கிலோ என்று வளர்த்துவந்தால் 10 கிலோவுக்குக் கீழே கொண்டுவாருங்கள். தொட்டியில் கைப்பிடி அளவு முதல் தலையளவு வரை உருண்டைக் கற்களைப் போட்டுப் பாதிப் பரப்புக்கு மேலே கூரை போல நிழல் கொடுங்கள். நீர் உள்ளே வரும் குழாயைச் சாய்த்து வைத்து, மீன் நொடிக்குத் தன் உடல்நீளம் ஒன்று முதல் ஒன்றரை வரை நீந்தும் வேகத்தில் ஓட்டம் உண்டாக்குங்கள். கல் இல்லாமல் ஓட்டத்தை மட்டும் கூட்டினால் மீன் களைத்துத் துடுப்பு கிழியும். கல்லும் ஓட்டமும் சேர்ந்தால்தான் பின்னால் ஒதுங்கி நிற்கக் கற்கும். கற்களுக்கு நடுவே கழிவு தேங்கும் என்பதால் இரண்டு நாளுக்கு ஒருமுறை உறிஞ்சுகுழாயால் எடுத்தாக வேண்டும். இதைச் செய்ய ஆள் இல்லை என்றால் கற்களைப் போடாதீர்கள். அழுக்குத் தொட்டியில் செவுள் நோய் வந்துவிடும்.

அடுத்தது ஆள் நிழல். தொட்டியைச் சுற்றித் தார்ப்பாயோ சாக்கோ கட்டி மறைத்து, தீவனத்தை நீர் வரும் முனையில் நீருக்கடியில் இறங்கும் ஒரு குழாய் வழியாகக் கொடுங்கள். ஓட்டத்தோடு பக்கவாட்டில் வரும் பொருள்தான் இரை என்று அது பழக வேண்டும். நேரத்தை நாளுக்கு நாள் மாற்றுங்கள், விடியலும் அந்தியும் கட்டாயம் இருக்கட்டும். வாரத்தில் ஒரு நாள் தீவனமே வேண்டாம். இரண்டாம் வாரத்திலிருந்து உயிர் இரை.

இங்கேதான் திட்டங்கள் காகிதத்தோடு நின்றுவிடுகின்றன. 10 செ.மீ. நீளமும் 12 கிராம் எடையும் உள்ள விரலி ஆயிரம் என்றால் மொத்தம் 12 கிலோ. 3 சதவீதத்தில் நாளுக்கு 360 கிராம் தீவனம். அதில் கால் பங்கை மட்டும் பூச்சியாக மாற்ற 450 கிராம் பூச்சி, ஒன்றுக்கு 5 மில்லிகிராம் என்றாலும் ஏறத்தாழ 90,000 உயிர். ஓடையில் வலைவைத்து தினமும் அத்தனையும் எடுத்தால் யாருக்காக மீனைத் தயார் செய்கிறோமோ அந்த ஓடையே காலியாகிவிடும். வயிற்றை நிரப்ப வேண்டாம், அறிமுகம் செய்தால் போதும். வாரம் மூன்று நாள், காலையில் பசியோடு இருக்கும்போது பெல்லட்டுக்கு முன்னால் 20, 25 கிராம் கொடுங்கள். பண்ணைக்கு நீர் வரும் வாய்க்காலின் பூச்சி கொஞ்சம். பொடியாக நறுக்கிய மண்புழு கொஞ்சம், அதை ஒரு நாள் ஈரச்சாக்கில் வைத்து மண் கழியவிட்டபின் நறுக்க வேண்டும். மீதி இரத்தப்புழு. அகலத் தட்டுகளில் சேறும் சாணக்கரைசலும் வைத்துத் திறந்தவெளியில் விட்டால் கொசு போன்ற அந்த ஈ தானே முட்டையிடும். மலைக்குளிரில் புழு தேற மூன்று வாரம்கூட ஆகும், ஆகையால் முன்கூட்டியே வையுங்கள். வேறு ஆற்றுப் படுகையின் பூச்சியைக் கொண்டுவராதீர்கள், ஒட்டுண்ணி கூடவே வரும். தலைப்பிரட்டையையோ மீன்குஞ்சையோ ஒருபோதும் இரையாகப் போடாதீர்கள், அதன் சுவையை நாமே பழக்கிவிடக் கூடாது.

கல்லும் உயிர் இரையும் சேர்ந்து இருக்க வேண்டும் என்று வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. அட்லாண்டிக் சால்மன் குஞ்சுகளில் நடத்தி 2003ல் வெளியான ஆய்வில், கல்லும் செடியும் உள்ள தொட்டியும் உயிர் இரை அனுபவமும் இரண்டும் கிடைத்த குஞ்சுகள்தான் புதிய வகை இரையை நன்றாக எடுத்தன. ஒன்று மட்டும் கிடைத்தவற்றுக்கு அந்தத் திறமை வரவில்லை.

விடும் நாளைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, பண்ணையில் இருப்பவர்களுக்குத் தெரிந்ததுதான். கொண்டுபோகும் முன் 24 மணி நேரம், நீர் 12 டிகிரிக்குக் கீழ் என்றால் 48 மணி நேரம் தீவனத்தை நிறுத்துங்கள், அதற்குமேல் வேண்டாம். பை நீருக்கும் ஓடை நீருக்கும் 2 டிகிரிக்கு மேல் வேறுபாடு இருந்தால் பையை மிதக்கவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக ஓடைநீரைக் கலந்து அரை மணி நேரம் பொறுங்கள். பெரும்பாலும் தவறு நடப்பது வேறு இடத்தில். வண்டி நிற்கும் பாலத்தடியில் ஆயிரம் குஞ்சையும் ஒரே மடுவில் கொட்டிவிடுகிறார்கள். அந்த மடுவின் இரை ஐம்பது குஞ்சுக்குக்கூடப் போதாது. மூன்று மீட்டர் அகல ஓடையில் 5 சதுர மீட்டருக்கு ஒரு விரலி என்று வைத்தால் ஒரு கிலோமீட்டருக்கு 600தான். 50 மீட்டருக்கு முப்பது வீதம் வாளியில் எடுத்து நடந்து, சலசலப்பின் ஓரத்தில் கல் நிறைந்த இடத்தில் விடுங்கள். மாலையில் விட்டால் பறவைத் தொல்லை குறைவு, கொஞ்ச நேரத்தில் இரையும் நகரத் தொடங்கும். இதற்கு நான்கு பேரும் ஒரு மாலைப் பொழுதும் வேண்டும். ஓராண்டு வளர்ப்புச் செலவோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை.

விட்டபின் பார்க்க வேண்டும். விடும் முன் கொழுப்புத் துடுப்பை வெட்டி அடையாளமிடுங்கள், முதுகுத் துடுப்புக்கும் வாலுக்கும் நடுவே உள்ள அந்தச் சின்னச் சதையை வெட்டுவதால் பெரிய கேடில்லை. மூன்றாம் நாள், பதினைந்தாம் நாள், நாற்பத்தைந்தாம் நாள் என மூன்று முறை பிடித்துப் பாருங்கள். கொல்லத் தேவையில்லை. கிராம்பு எண்ணெயை ஒன்றுக்கு ஒன்பது பங்கு சாராயத்தில் கரைத்து, லிட்டருக்கு எண்ணெய் 25 மில்லிகிராம் வரும்படி வாளி நீரில் கலந்தால் இரண்டொரு நிமிடத்தில் மீன் அயரும். 2 மி.மீ. மென்குழாயை ஊசியில்லாத சிரிஞ்சில் பொருத்தி, வாய் வழியாக இரைப்பைவரை மெல்லச் செலுத்தி ஓடைநீரைப் பாய்ச்சினால் தின்றது வெளியே வரும். தலை கீழாகச் சாய்ந்திருக்கட்டும். எதிர்த்துத் தள்ளினால் நிறுத்திவிடுங்கள், இரைப்பைச் சுவர் கிழியும். 10 செ.மீ.க்குக் குறைந்த மீனில் இதைச் செய்யாதீர்கள். கால் மில்லிமீட்டர் சல்லடையில் வடித்து, நீர்ப்பூச்சி, நிலப்பூச்சி, நண்டு, மீன், தலைப்பிரட்டை, இரையல்லாதது என்று பிரித்து எண்ணுங்கள். கூடவே எடையும் நீளமும் எடுக்க வேண்டும். கிராமில் எடையை 100ஆல் பெருக்கி, செ.மீ.யில் நீளத்தின் மும்மடிப் பெருக்கத்தால் வகுத்தால் உடல்வாகு எண் கிடைக்கும். பண்ணை மீனுக்கு அது 1.1, 1.2 இருக்கும். ஓடையில் கொஞ்சம் இறங்குவது இயல்பு. நாற்பத்தைந்தாம் நாளும் இறங்கிக்கொண்டே போய் 0.9க்குக் கீழே நின்றால் அந்த ஓடையில் அடுத்த ஆண்டு விடாதீர்கள்.

தூண்டில்காரர்களுக்குத் தனியாக ஒரு சொல். விட்ட முதல் வாரத்தில் எதைப் போட்டாலும் பாய்ந்து கவ்வுகிறது என்று மகிழ்கிறீர்கள். அது பசி. பழுப்பாக நீரில் விழுவதெல்லாம் அதற்குப் பெல்லட். அந்த வாரத்துப் பிடிப்பை வைத்து மீன் நன்றாக ஒட்டிக்கொண்டது என்று அறிக்கை எழுத வேண்டாம். பெரிய மீன்தான் வேண்டும் என்றால், ஏற்கெனவே ட்ரவுட் உள்ள அவலாஞ்சி, எமரால்டு போன்ற நீர்த்தேக்கங்களில் விடச் சொல்லிக் கேளுங்கள். நீர்த்தேக்கத்தில் கூட்டமாக மேல்நீரில் சுற்றித் தின்னும் பழக்கம் கைகொடுக்கும். அங்கே டாஃப்னியா என்ற நீர்த்தெள்ளும், மேலெழும் இரத்தப்புழுக் கூட்டுப்புழுவும், சிறு மீனும் உண்டு. நீரோட்டத்தோடு போராடும் செலவும் இல்லை. ஓடையில் 250 கிராம் மீனை விடச் சொல்வது அதைப் பட்டினி போடச் சொல்வது. விட்ட மீன் மெலிகிறதே என்று இரக்கப்பட்டுப் பாலத்திலிருந்து பன்னும் பொரியும் எறிகிறவர்களைத் தடுக்கும் பொறுப்பும் உங்களுக்கு உண்டு. அந்தத் தீனி மீனைக் கரையோரம் நிறுத்திவைக்கிறது, கற்க வேண்டிய நாட்களை வீணாக்குகிறது.

வனத்துறைக்கு. பயிற்சி பெற்ற மீன் நன்றாகத் தின்னும் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 25 செ.மீ.யைத் தாண்டிய ட்ரவுட் பூச்சியோடு நிற்காது, ஓடை நண்டு, தலைப்பிரட்டை, சிறு மீன் எல்லாம் அதன் இரை. இந்த மேட்டுநில ஓடைகளில் பெரிய வேட்டை மீன் இயற்கையாக இருந்ததில்லை. இங்குள்ள தவளைகளில் பலவற்றின் தலைப்பிரட்டைகள் ஓடும் நீரிலேயே வளர்கின்றன. உலகில் இங்கு மட்டுமே வாழும் நீலகிரி டேனியோ என்ற சிறுமீனும் உண்டு. ஆகவே முக்குருத்தி தேசியப் பூங்காவுக்குள் எந்த ஓடையிலும் விட அனுமதிக்காதீர்கள். வெளியேயும், ட்ரவுட் ஏறிச்செல்ல முடியாத அருவிக்கு மேல் அது இதுவரை இல்லை என்றால் அந்த நீர் அப்படியே இருக்கட்டும். விட அனுமதி கேட்டு வரும் ஒவ்வொரு விண்ணப்பத்தோடும் இரவில் டார்ச் அடித்து எடுத்த தவளைக் கணக்கும், கைவலையில் எடுத்த மீன் கணக்கும் இணைக்கப்பட வேண்டும். இரண்டில் ஒன்று இல்லை என்றாலும் திருப்பி அனுப்புங்கள்.

மீன்வளத்துறைக்கு எங்கள் கடைசி வேண்டுகோள் ஒரு பதிவேடு பற்றியது. தேதி, இடம், எண்ணிக்கை என்ற மூன்று பத்திகளோடு இன்னும் ஆறைச் சேருங்கள்: சராசரி எடை, கடைசி நான்கு வாரம் கொடுத்த தீவனமும் உயிர் இரையும், விட்ட நேரத்து நீர் வெப்பநிலை, எத்தனை மீட்டர் நீளத்தில் பரப்பி விடப்பட்டது, பதினைந்தாம் நாள் இரைப்பையில் இருந்தவை, நாற்பத்தைந்தாம் நாள் உடல்வாகு எண். இந்த ஆண்டு குளிர்காலத்தில் ஒரே ஓர் ஓடையில் பயிற்சி பெற்ற 300 விரலிகளையும் பயிற்சி பெறாத 300 விரலிகளையும் வெவ்வேறு அடையாளத்தோடு விட்டு இந்தப் பத்திகளை நிரப்பிப் பார்க்கலாம். வலை பின்னுவதற்கும், இரைப்பைப் பொருளைப் பிரித்து எண்ணுவதற்கும், அந்தியில் வாளி தூக்குவதற்கும் நாங்கள் வரத் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
மலையோடை மீன்களோடு பணியாற்றும் சிலர்